மடங்கும் இடம்

வேடந்தாங்கல் ஏரிக்கரை, ஜனவரி மாதத்துக் காலை, ஆறே முக்கால் மணி. நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. கிளைக்குக் கிளை நத்தைக்குத்தி நாரைகள். கரைக்குச் சற்றுப் பக்கத்தில் இருந்த பட்ட கொம்பொன்றில் பாம்புத்தாரா ஏறி உட்கார்ந்து, நனைந்த சிறகுகளை இரு பக்கமும் விரித்து வெயிலுக்காகக் காத்திருந்தது. ஜூமை முழுக்க இழுத்தேன். அதன் கழுத்தின்மேல் கட்டத்தை வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஃபோகஸ் பிடிபடாமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி அலைவது வேறு. படம் எடுக்கிற எல்லோரும் அதைப் பார்த்திருப்போம். ‘ஹன்டிங்’ என்று சொல்லிவிட்டு, விரலை எடுத்து மறுபடியும் அழுத்துவோம். இது அப்படியில்லை. லென்ஸுக்குள் அசைவே இல்லை, ஓசையும் இல்லை. வ்யூஃபைண்டரில் பறவை ஒரு பழுப்புக் கறையாகவே நின்றது. கேமராவை அணைத்துப் போட்டேன். லென்ஸைக் கழற்றி மாட்டினேன். பேட்டரியை உருவிப் போட்டேன். கடைசியில், லென்ஸின் பக்கவாட்டுச் சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளி, வளையத்தைக் கையால் திருப்பினேன். கறை சுருங்கிக் கழுத்தாயிற்று. கழுத்தில் இறகின் வரிகள் தெரிந்தன. அந்த நொடியில் வ்யூஃபைண்டரின் அடிமூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

அன்று பத்து மணிவரை கையால் திருப்பித்தான் எடுத்தேன். பறந்தவையெல்லாம் தப்பிவிட்டன, உட்கார்ந்திருந்தவற்றில் சில கிடைத்தன. ஒவ்வொரு முறையும் அந்தப் பச்சைப் புள்ளி தவறாமல் எரிந்தது. பழுது எங்கே என்பதற்குப் பாதி விடையை அது அன்றைக்கே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

கும்பகோணத்தில் சித்தப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். அவருடைய பழைய ஃபிலிம் கேமராவின் வ்யூஃபைண்டரில், சரியாக நடுவில், குறுக்கே பிளந்த ஒரு சின்ன வட்டம் உண்டு. ஆளை நிற்கவைத்து, மூக்கின் ஓரத்தையோ தூணின் விளிம்பையோ அந்த வட்டத்துக்குள் கொண்டுவருவார். ஃபோகஸ் ஆகாதபோது அந்த விளிம்பு மேல்பாதியில் ஓரிடத்திலும் கீழ்பாதியில் ஓரிடத்திலுமாக முறிந்து நிற்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்துவந்து ஒட்டும். “வெட்டுப்பட்டது ஒட்டணும்டா, அவ்வளவுதான்” என்பார். எட்டு வயதில் அந்த வட்டத்துக்குள் எங்கள் வீட்டுத் திண்ணைத் தூணை நானே ஒட்டவைத்தது இன்னும் விரலில் இருக்கிறது.

எஸ்எல்ஆர் கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, ஒரு கண் மாற்றி ஒரு கண் மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறித் தெரியும். லென்ஸின் ஒரு ஓரத்தின் வழியே வருகிற வெளிச்சமும் எதிர் ஓரத்தின் வழியே வருகிற வெளிச்சமும் அப்படித்தான் ஒரே பொருளை வேறு வேறு கோணத்திலிருந்து பார்க்கின்றன. கேமராவுக்குள் இருக்கும் பெரிய கண்ணாடி முழுக்க ரசம் பூசியதல்ல, நடுப்பகுதி கொஞ்சம் வெளிச்சத்தைப் பின்னால் விடும். பின்னால் சாய்ந்து நிற்கும் இன்னொரு சிறு கண்ணாடி அந்த வெளிச்சத்தைக் கீழே திருப்பிவிடும். பெட்டியின் அடியில் இருக்கும் சென்சார், இரண்டு ஓரத்து உருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். அவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து லென்ஸ் எவ்வளவு நகர வேண்டும் என்பது தெரிந்துவிடும். எந்தத் திசையில் விலகியிருக்கின்றன என்பதிலிருந்து முன்னாலா பின்னாலா என்பது தெரிந்துவிடும். விலகல் இல்லையென்றால் பச்சைப் புள்ளி. சித்தப்பாவின் வட்டம்தான் அங்கே கீழே போய் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. எங்கள் வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலியைப் பிடிக்க, முள்ளை நகர்த்தி, குரல் தெளிவாகி, மறுபடி கலங்குகிறவரை தாண்டிப்போய், பிறகு திரும்பி வருவோம். தாண்டிப் போகாமல் சரியான இடம் எது என்று தெரியாது. உருவத்தின் கூர்மையை மட்டும் பார்த்து ஃபோகஸ் செய்கிற கேமராக்கள் இப்படித்தான் செய்கின்றன. அதனால்தான் அவை கடைசி நொடியில் ஒரு தடவை முன்னும் பின்னும் அசைந்து நிற்கும். முதல் முறையில் கேமராவுக்குத் திசை தெரியும், இரண்டாவது முறையில் தேடினால்தான் தெரியும். பழுதைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம். லென்ஸ் ஓடி அலைந்தால், கேமராவால் பார்க்க முடியவில்லை என்று சந்தேகிக்கலாம். லென்ஸ் அசையவே இல்லையென்றால் சங்கதி வேறு.

லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில், பழுது லென்ஸிலா கேமராவிலா என்ற குழப்பம் ஏது? 1977இல் வந்த கோனிகா சி35 ஏஎஃப், 1978இல் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளந்த போலராய்டு, இவற்றுக்கெல்லாம் பார்க்கும் கண்ணும் லென்ஸைத் திருப்பும் கையும் ஒரே உடம்பில். கழற்றி மாட்டும் லென்ஸ் என்று வந்தபோதுதான் மோட்டாரை யார் சுமப்பது என்ற கேள்வி எழுந்தது. 1981இல் பென்டாக்ஸ் எம்இ-எஃப் மோட்டாரையும் பேட்டரியையும் லென்ஸிலேயே கட்டித் தொங்கவிட்டது. 1985இல் மினோல்டா 7000 மோட்டாரைக் கேமராவுக்குள் எடுத்துக்கொண்டது. லென்ஸ் வந்து மாட்டும் மவுண்டில் திருப்புளி முனைபோல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸின் பின்புறம் இருக்கும் பள்ளத்தில் அது போய்ச் சொருகிச் சுழற்றும். அந்தக் கேமராவின் வெற்றி பெரியது. அதன் வழக்கும் அவ்வளவு பெரியது. ஹனிவெல் நிறுவனம் தன் காப்புரிமையை மீறியதாக வழக்குப் போட்டு, 1992இல் வென்று, மினோல்டாவிடமிருந்து 12 கோடியே 75 லட்சம் டாலர் பெற்றது.

பிறகு இரண்டு பெரிய வீடுகள் இரண்டு விதமாக முடிவெடுத்தன. கேனன் 1987இல் பழைய மவுண்டை அப்படியே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது. மோட்டார் லென்ஸில், நடுவே மின்சாரப் பேச்சு மட்டும், இயந்திரப் பிணைப்பு எதுவுமில்லை. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம். நிக்கான் 1959இல் போட்ட மவுண்டைக் கைவிடவில்லை. பாட்டன் கட்டிய வீட்டில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு சுவரை ஒட்டிக் கட்டுவதுபோல, 1977இல் ஒரு கொக்கி, 1986இல் எஃப்-501இல் திருப்புளி முனை, பிறகு மோட்டார் உள்ள லென்ஸ்கள் என்று சேர்த்துக்கொண்டே போனது. அந்த மவுண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு நெம்பும் ஒவ்வொரு ஊசியும் எந்தக் காலத்தில் வந்தது என்று படிக்கலாம். எனக்கு அது மிகவும் பிடித்த பொருள். ஆனாலும் குழப்பத்துக்கு அது வழி வைத்தது. 2006இல் வந்த டி40 போன்ற சிறிய கேமராக்களில் திருப்புளி முனை கிடையாது. மாமா கொடுத்த பழைய 50 மி.மீ. லென்ஸை அதில் மாட்டினால் அழகாகப் பொருந்தும், படமும் எடுக்கும், ஆட்டோஃபோகஸ் மட்டும் நடக்காது. லென்ஸில் பழுதில்லை, கேமராவிலும் பழுதில்லை. திருப்ப வேண்டிய கை இரண்டு பக்கத்திலும் இல்லை, அவ்வளவுதான். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாததால் அந்த லென்ஸை ரிப்பேருக்குக் கொண்டுபோய்ப் பணம் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

பழுதே இல்லாத பழுதுகள் இன்னும் உண்டு. ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து எடுத்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிவைக்கிற வசதி பல கேமராக்களில் இருக்கிறது. பறவைப் படக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். அவர்கள் கேமராவை இரவல் வாங்கியவர், பாதி அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுச் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவார். பழைய வகைப் போலரைசர் ஃபில்டரை மாட்டினால், அந்த ரசம் குறைந்த கண்ணாடிக்குப் பின்னால் போகிற வெளிச்சம் கெட்டு, சென்சார் தடுமாறும். அதற்காகவே வட்டப் போலரைசர் என்று ஒன்றைச் செய்தார்கள். டெலிகன்வர்ட்டர் போட்டால் லென்ஸின் திறப்பு சுருங்கிவிடும். எஃப் 5.6-க்குக் கீழே வெளிச்சம் குறைந்தால் பல எஸ்எல்ஆர் கேமராக்களின் சென்சார் கைவிரித்துவிடும்.

நம் கல்யாண மண்டபம் இருக்கிறதே, அது ஆட்டோஃபோகஸுக்கு வைத்த தேர்வு. திருமணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் சொல்வார், ஓமப்புகை எழும்பி மணவறையை மூடுகிற நேரமும் கெட்டிமேளம் கொட்டுகிற நேரமும் ஒன்றாகத்தான் வந்து சேருமாம். புகைக்குக் கோடும் இல்லை, விளிம்பும் இல்லை. கேமரா ஒட்டவைப்பதற்கு ஒரு வெட்டு வேண்டும், புகையில் வெட்டு எங்கே இருக்கிறது? அந்த நேரத்தில் அவர் தாலியைக் குறிவைப்பதில்லை. மாப்பிள்ளையின் வேட்டிக் கரை, பெண்ணின் கூறைப்புடவைச் சரிகை என்று அழுத்தமான கோடு உள்ள ஓரிடத்தை, தாலிக்கு ஒப்பான தூரத்தில் தேடிப் பிடித்துக்கொள்வார். அந்த மூன்று முடிச்சும் இன்னொரு முறை விழாது. அவர் அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துபோகும்.

என் கதைக்கு வருகிறேன். வேடந்தாங்கலிலிருந்து வீட்டுக்கு வந்ததும், ஹாலில் உட்கார்ந்தபடியே எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைக் குறிவைத்துப் பார்த்தேன். பட்டென்று பிடித்தது. அடுத்து ஜன்னல் கம்பி. பிடித்தது. சரி, கான்டாக்ட்தான் என்று நினைத்தேன். கேமராவின் பக்கம் வில்வைத்த சின்ன ஊசிகள், லென்ஸின் பக்கம் தங்க முலாம் பூசிய பொட்டுகள், வாயும் காதுமாக எதிரெதிரே நிற்கின்றன. கை வேர்வை பட்டாலும், கடற்காற்றின் உப்பு ஏறினாலும் அங்கேதான் பேச்சு தடைப்படும். பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். நான் அதற்கு எதிரி. குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்த்துப் பழகிய கை நமக்கு, பளபளக்கும்வரை நிறுத்தத் தெரியாது. அந்த முலாம் மிக மெல்லியது. ரப்பர் அழுக்கோடு அதையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, துகளைக் கேமராவுக்குள் உதிர்த்துவிட்டுப் போகும். நூல் உதிராத துணியின் நுனியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்தேன். ஒரு மணி நேரம் காலண்டரில் உள்ள முருகனைச் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அடுத்த வாரம் ஏரிக்கரையில் மறுபடி அதே மௌனம்.

இந்த முறை, அதே நிறுவனத்தின் கேமரா வைத்திருக்கும் நண்பரை வீட்டுக்கு அழைத்தேன். இம்மாதிரிப் பழுதில் எல்லோரும் சொல்லும் முதல் சோதனை, ஆளை மாற்றிப் பார்ப்பது. என் லென்ஸை அவர் கேமராவில் மாட்டினோம், நன்றாக வேலை செய்தது. அவர் லென்ஸை என் கேமராவில் மாட்டினோம், நன்றாக வேலை செய்தது. அப்படியென்றால் லென்ஸ் மேல் குற்றமில்லை, கேமரா மேலும் குற்றமில்லை. இரண்டும் தனித்தனியே நலம், சேருகிற இடத்தில்தான் ஏதோ விட்டு விட்டு வருகிற கோளாறு. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிழை யாரிடமும் இல்லை, இருவருக்கும் நடுவில் இருக்கிறது என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. மனிதர்களைப் பற்றியும் அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு அப்போது காரணங்கள் இருந்தன. அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதத் தொடங்கி, நாலு பக்கம் போனேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். அவற்றில் இருந்தது பொய் என்று தெரிந்தபிறகு வைத்திருக்க மனம் வரவில்லை.

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், லென்ஸ் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். கேமராவை வாங்கியவர் அதைத் திறக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. என்னைக் கேட்டார்.

“கையில திருப்பினப்ப பச்சைப் புள்ளி வந்துச்சா சார்?”

“வந்துச்சு பாய்.”

“அப்ப கண்ணு நல்லாருக்கு. அபெர்ச்சர் நம்பர் காட்டுச்சா, இல்ல பூஜ்யம் பூஜ்யம்னு நின்னுச்சா?”

“நம்பர் சரியா காட்டுச்சு.”

“அப்ப பேச்சும் இருக்கு. கைதான் வரல.” கொஞ்ச நேரம் லென்ஸை உள்ளங்கையில் உருட்டினார். “எங்க வெச்சு டெஸ்ட் பண்ணீங்க?”

“வீட்டு ஹால்ல. காலண்டரைப் பாத்து.”

“ஜூமை இழுத்தா?”

பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். எங்கள் ஹால் பத்தடி. அந்த லென்ஸை முழுக்க இழுத்தால் காலண்டரில் முருகனின் வேல்நுனி மட்டும்தான் கட்டத்துக்குள் அடங்கும். ஜூமைச் சுருக்கி வைத்துக்கொண்டுதான் நான் பார்த்தேன், நண்பரும் பார்த்தார். ஏரிக்கரையில் ஒரு தடவைகூட ஜூமைச் சுருக்கவில்லை. அங்கே பறவைகள் தூரத்தில். வீட்டில் நடந்த எல்லாச் சோதனையும் லென்ஸ் நலமாக இருக்கும் நிலையில் மட்டுமே நடந்திருக்கிறது. ஆளை மாற்றினோம், நிலையை மாற்றவில்லை.

பாய் லென்ஸைக் கேமராவில் மாட்டி, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைக் குறிவைத்தார். ஜூமைக் கடுகளவு கடுகளவாக நகர்த்தி, ஒவ்வொரு அளவிலும் பொத்தானை அழுத்தினார். காதை லென்ஸோடு ஒட்டிவைத்திருந்தார். மோட்டார் மெல்ல முனகியது, மறுபடி முனகியது. ஜூம் இருநூறு மி.மீ.-ஐத் தாண்டியதும் நின்றது. கொஞ்சம் பின்னால் வந்தார், முனகியது. முன்னால் போனார், நின்றது. நாலைந்து தடவை அப்படிப் போய் வந்தார்.

“இங்கதான் வாயடைக்குது” என்றார்.

அதுவரை பழுது தன் விருப்பத்துக்கு வந்து தன் விருப்பத்துக்குப் போகிறது என்றுதான் நான் நம்பியிருந்தேன். அவர் கூப்பிட்ட இடத்துக்கு அது வந்தது, விடச் சொன்னதும் விலகியது. வீட்டில் நான் பார்த்த வேலைக்கும் அவர் பார்த்த வேலைக்கும் உள்ள தூரம் இதுதான். நான் பழுது வராத இடங்களாகத் தேடித் தேடி லென்ஸ் நலம் என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். அவர் அதை வரவழைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். வைத்தியர்கள் வலிக்கிற இடத்தை அழுத்திப் பார்ப்பது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ரப்பர் வளையத்தை உரித்து, அடியில் இருந்த திருகுகளைக் கழற்றினார். கழற்றிய வரிசையிலேயே அவற்றை ஒரு டேப்பின் பசைப்பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டே போனார். உள்ளே, சர்க்யூட் போர்டிலிருந்து மோட்டார் இருக்கும் குழலுக்குப் போகிறது தேன்நிறத்தில் ஒரு மெல்லிய நாடா. அதற்குள் தலைமுடிபோல செப்புக் கோடுகள். ஃப்ளெக்ஸ் என்று சொல்வார்கள். ஜூமை இழுக்கும்போதெல்லாம் அது ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு வருகைக் காலத்திலும் ஒவ்வொரு பறவைக்காகவும் நான் இழுத்த ஒவ்வொரு முறையும் அந்த ஓரிடம்தான் மடங்கியிருக்கிறது. எத்தனை ஆயிரம் தடவை என்று கணக்கில்லை.

பொருத்துவதற்கு வேறு நாடா, தண்ணீரில் விழுந்து செத்துப்போன அதே வகை லென்ஸொன்றின் வயிற்றிலிருந்து வந்தது. அதைப் பொருத்த இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் வேறு லென்ஸ் இல்லாமல் ஏரிக்கரைக்குப் போய், வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

லென்ஸை வாங்கப் போன அன்று பாய் பழைய நாடாவை மேசைவிளக்கின் கீழே வைத்தார். எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு ஒரு விரிசலும் தெரியவில்லை. மல்டிமீட்டரை எடுத்து, நாடாவின் இரண்டு நுனியிலும் ஊசிகளை வைக்கச் சொன்னார். வைத்தேன். பீப் என்று ஓசை விடாமல் வந்தது. அவர் இரண்டு விரலால் நாடாவின் நடுவைப் பிடித்து மெல்ல மடக்கினார். ஓசை நின்றது. நிமிர்த்தினார், வந்தது.

“வேணுமா சார்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அதை ஒரு ஃபிலிம் டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தார்.